பங்காளியை எந்த டேபிளில் வைப்பது? உறுப்பினருக்கும் உறுப்பினருக்கும் இடையே பல உறவுகள்

பள்ளத்தூரான் | செவ்வாய், இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கிறேன். எங்கள் வளவுப் (ஒரே பூர்வீக வீட்டைச் சேர்ந்த) பங்காளிகளின் படைப்புக்காகப் போன வருஷம் ஒரு வெப் ஆப் எழுதினேன். படைப்பு தெரியாதவர்களுக்கு: முன்னோருக்குப் படைத்துவிட்டுப் பங்காளிகள் எல்லோரும் கூடிச் சாப்பிடுவது. செலவைப் புள்ளிக் கணக்கில் (ஒரு தம்பதி ஒரு புள்ளி) பிரித்துக்கொள்வோம். மொத்தம் 380 பேர். பாதிப்பேர் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருக்கிறார்கள், கொஞ்சம் பேர் மலேசியா, சிங்கப்பூர்.

யார் யாருக்குப் போன் செய்து சொல்ல வேண்டும் என்ற பட்டியலை ஆப் கொடுக்கும். அதற்காக 'உறுப்பினர்' டேபிளிலேயே 'உறவினர்கள்' என்று ஒரு ஃபீல்டு வைத்து, அதில் 12,47,112,203 என்று கமா போட்டு எண்களை எழுதிவிட்டேன். அதில்தான் தப்பு நடந்தது.

தேவகோட்டையில் ஒரு பெரியவர், எங்கள் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) சித்தப்பா முறை. அவர் பெயர் 31 என்றும் 288 என்றும் இரண்டு தடவை ஏறியிருந்தது. போன் நம்பர் சரியாக இருந்த 288ஐ வைத்துக்கொண்டு 31ஐ அழித்தேன். ஆனால் நாற்பது பேருடைய 'உறவினர்கள்' ஃபீல்டில் 31 அப்படியே இருந்தது. ஆப் 31ஐத் தேடியது, ஆள் இல்லை, பட்டியலில் விட்டுவிட்டது. இவர் சொல்லியிருப்பார் என்று அவரும், அவர் சொல்லியிருப்பார் என்று இவரும் இருந்துவிட்டார்கள். படைப்பு முடிந்து மூன்றாம் நாள் அவரே அப்பச்சிக்குப் போன் செய்தார். "நடந்துச்சாமே" என்று மட்டும் கேட்டார். அப்பச்சி இன்றுவரை என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

இந்த வருஷம் படைப்புக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. முழுக்கத் திருத்தி எழுதப் போகிறேன். ஒருவருக்குப் பலர் உறவு, அந்தப் பலருக்கும் பலர் உறவு. இதற்கு டேபிளை எப்படி அமைப்பது? ஆப் எழுதியிருப்பது பிஎச்பியில், டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல்.

இன்னொன்று. வெளியூரில் இருக்கும் சிலர் தங்கள் நம்பர் எல்லோருக்கும் தெரிய வேண்டாம் என்கிறார்கள். இருவரும் ஒத்துக்கொண்டால்தான் நம்பர் தெரியும்படி செய்ய வேண்டும்.

நெற்குப்பை_ராம் | செவ்வாய், இரவு 10.05

தம்பி, அந்தக் கமாவை முதலில் எடுத்துவிடுங்கள். டேபிளின் ஒரு கட்டத்துக்குள் ஒரு மதிப்புதான் இருக்க வேண்டும். 1970இல் ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் எழுதிய கட்டுரையிலேயே இந்த விதி இருக்கிறது. கமா போட்ட எழுத்துச் சரத்துக்குள் டேட்டாபேஸால் எட்டிப் பார்க்க முடியாது. அதற்கு அது வெறும் எழுத்து. 12 என்று 'லைக்' (LIKE) போட்டுத் தேடினால் 112, 120, 312 எல்லாம் சேர்ந்து வரும். வேகமாகத் தேடுவதற்காகப் போடும் இண்டெக்ஸும் உதவாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒருவருடைய சரத்தைத் திருத்தினால் பிந்தியவர் எழுதியதுதான் நிற்கும், முந்தியவர் எழுதியது போய்விடும்.

உறவுக்கென்று தனி டேபிள் போடுங்கள். ஒரு உறவுக்கு ஒரு வரி.

உறவு
நபர் | எதிர்நபர் | வகை
12 | 47 | ...
12 | 288 | ...
47 | 203 | ...

'நபர்', 'எதிர்நபர்' இரண்டுமே உறுப்பினர் டேபிளின் எண்ணுக்கு ஃபாரின் கீ, அதாவது அந்த டேபிளில் இருக்கும் ஆளைச் சுட்டும் ஃபீல்டு. ஒரே டேபிளை இரண்டு தடவை சுட்டுகிறோமே என்று தயங்க வேண்டாம், தாராளமாகச் செய்யலாம். மூன்று ஃபீல்டையும் சேர்த்துப் பிரைமரி கீ (ஒவ்வொரு வரிக்கும் தனி அடையாளம்) ஆக்குங்கள். அதே உறவு இரண்டு தடவை ஏறாது. 'எதிர்நபர்' ஃபீல்டுக்குத் தனி இண்டெக்ஸும் வேண்டும். "எனக்கு யார் யார்" என்பதற்குப் பிரைமரி கீ போதும், "என்னை யார் யார் குறித்திருக்கிறார்கள்" என்று திருப்பிக் கேட்டால் அது உதவாது. மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபியில் (டேபிளைச் சேமிக்கும் அதன் எஞ்சின்) ஃபாரின் கீ போட்டாலே அந்த இண்டெக்ஸ் தானாக வந்துவிடும். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸில் வராது, நாம்தான் போட வேண்டும்.

நீங்கள் சொன்ன 31 விவகாரத்தைக் கேட்டு மனசு கஷ்டமாகிவிட்டது. இந்த டேபிள் இருந்திருந்தால், 31ஐ அழிக்கப் போனபோதே "இவரைப் பிடித்துக்கொண்டு நாற்பது வரிகள் இருக்கின்றன" என்று டேட்டாபேஸ் மறுத்திருக்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை. நெட்டில் கிடைக்கும் பாதி உதாரணங்களில் 'ஆன் டெலிட் கேஸ்கேட்' போட்டிருப்பார்கள். அதைப் போட்டால் 31ஐ அழித்த உடனே அந்த நாற்பது வரிகளும் சத்தமில்லாமல் போய்விடும். பெரியவருக்கு அப்போதும் அழைப்பு போயிருக்காது. மனிதர்களின் பெயர் இருக்கும் இடத்தில் அழிக்க விடாமல் தடுக்கும் 'ரெஸ்ட்ரிக்ட்' வையுங்கள். இரட்டைப் பதிவைச் சேர்க்கும்போது 31 இருக்கும் வரிகளை எல்லாம் 288 என்று மாற்றுங்கள். ஒருவருக்கு இரண்டு எண்ணிலும் வரி இருந்தால் மாற்றும்போது பிரைமரி கீ தடுக்கும். அந்த வரியை மட்டும் கையால் நீக்குங்கள். அப்புறம் 31ஐ அழியுங்கள். மூன்றும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள் நடக்கட்டும், நடந்தால் மூன்றும் நடக்கும், இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது.

கணக்கப்பிள்ளை | புதன், காலை 6.40

ராம் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் டேபிளை வரைவதற்கு முன்னால் ஒவ்வொரு உறவையும் பார்த்து ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இது ஒருபக்க உறவா, இருபக்க உறவா?

நான் ஒருவருக்கு மாமன் என்றால் அவர் எனக்கு மருமகன். பெயர் மாறுகிறது, இதற்குத் திசை உண்டு. நான் ஒருவருக்குச் சம்பந்தி என்றால் அவரும் எனக்குச் சம்பந்திதான். இதற்குத் திசை கிடையாது. இன்ஸ்டாகிராமில் நான் ஒருவரைப் பின்தொடர்வது முதல் ரகம், ஃபேஸ்புக் நட்பு இரண்டாவது ரகம். திசை உள்ளதற்கு ராம் போட்ட டேபிள் அப்படியே பொருந்தும். திசை இல்லாததை அதில் போட்டால் 12–47 ஒரு வரியாகவும் 47–12 இன்னொரு வரியாகவும் ஏறும். பிரைமரி கீக்கு அவை இரண்டும் வேறு வேறு, தடுக்காது.

நான் இரண்டு வரியையும் வேண்டுமென்றே எழுதிவிடுவேன். என் தாத்தா பர்மாக் கடையில் கணக்கு எழுதியவர். பேரேட்டில் கொடுத்தவர் பக்கத்திலும் வாங்கியவர் பக்கத்திலும் எழுதித்தான் ஆக வேண்டும். ஒரு பக்கம் விட்டுப்போனால் ஐந்தொகை எடுக்கும்போது இடிக்கும். அதே மாதிரி இரண்டு வரியையும் ஒரே டிரான்சாக்ஷனில் எழுதினால், தேடும்போது ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் போதும். குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) எளிது, வேகமும் உண்டு.

குறிஞ்சி | புதன், காலை 9.30

கணக்கப்பிள்ளை அண்ணன், இதில் நான் மாறுபடுகிறேன். பேரேட்டில் இடித்தால் கண்டுபிடிக்க ஐந்தொகை இருக்கிறது. டேட்டாபேஸில் ஐந்தொகை எடுப்பது யார்? ஒரு வரியில் 'சம்மதம்' என்றும் மறுவரியில் 'நிலுவை' என்றும் நின்றுவிட்டால் எதை நம்புவது? மூன்று வருஷம் ஒரு மெம்பர்ஷிப் தளத்தைப் பராமரித்தேன். இரண்டு வரி வைத்திருந்தோம். யாரோ அவசரத்துக்கு நேரடியாக டேபிளில் போய் ஒரு வரியை மட்டும் திருத்திவிட்டார்கள். ஒருவர் திரையில் நண்பராகவும் மற்றவர் திரையில் அந்நியராகவும் தெரிந்தது. அதைத் தேடிப் பிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

திசை இல்லாத உறவுக்கு ஒரே வரிதான். சின்ன எண்ணை எப்போதும் முதலில் எழுதுங்கள். 'சிறியஎண் < பெரியஎண்' என்று ஒரு செக் கன்ஸ்ட்ரெயின்ட் (வரி ஏறும்போது சோதிக்கும் நிபந்தனை) போட்டால் 47–12 ஏறவே ஏறாது. தனக்குத் தானே உறவு என்று 12–12 ஏறுவதையும் அதுவே தடுத்துவிடும். தேடும்போது இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும் என்பது உண்மை. 'ஆர்' (OR) போட்டு ஒரே குவெரியாக எழுதாமல் இரண்டு குவெரியை 'யூனியன் ஆல்' போட்டுச் சேர்த்தால் ஒவ்வொன்றும் தன் இண்டெக்ஸைப் பயன்படுத்தும். 380 பேருக்கு வேகம் ஒரு பொருட்டே இல்லை.

போன் நம்பர் அனுமதிக்கு இந்த அமைப்பு அப்படியே பொருந்தும். ஆனால் சின்ன எண்ணை முதலில் போட்டவுடன் யார் கேட்டது, யார் ஒத்துக்கொண்டது என்பது தொலைந்துவிடும். அதனால் 'கேட்டவர்' என்று ஒரு ஃபீல்டு, 'நிலை' என்று ஒரு ஃபீல்டு, தேதி ஒன்று. ஒருவர் மறுத்தால் வரியை அழிக்காதீர்கள், நிலையை மாற்றுங்கள். அழித்தால் மறுநாளே அதே கோரிக்கை மறுபடி வந்து நிற்கும்.

கணக்கப்பிள்ளை | புதன், காலை 10.02

அனுமதி மாதிரி நிலை மாறிக்கொண்டே இருக்கும் விஷயத்துக்கு ஒரு வரிதான் நல்லது, ஒத்துக்கொள்கிறேன். எழுதியபின் மாறாத உறவுக்கு இரண்டு வரி என்பதில் எனக்கு இன்னமும் நம்பிக்கை உண்டு.

தேவகோட்டை_ஆச்சி | புதன், மதியம் 2.15

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் குடும்பக் கொடிவழியை நோட்டில் எழுதி, பிறகு மகன் உதவியோடு கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். தம்பி, சித்தப்பா, பெரியப்பா, மாமன் என்று உறவின் பெயரை டேபிளில் எழுதவே எழுதாதீர்கள்.

ஒரு குழந்தை பிறந்தால் அதற்கு எத்தனை சித்தப்பா, எத்தனை அத்தை, எத்தனை ஆயா வீட்டு மாமன்! அத்தனையும் யார் உட்கார்ந்து எழுதுவது? ஒன்று விட்டுப்போகும், ஒன்று தப்பாக ஏறும். இரண்டே இரண்டு உறவுதான் வேர்: யார் யாருக்குப் பிள்ளை, யாருக்கும் யாருக்கும் கல்யாணம். மற்றதெல்லாம் இந்த இரண்டிலிருந்து முளைப்பவை. அப்பாவின் அப்பாவுக்கு வேறு ஆண்பிள்ளைகள் யார் என்று டேபிளைத் தன்னோடு தானே ஜாயின் செய்து (இணைத்து) கேட்டால் சித்தப்பாவும் பெரியப்பாவும் தாமாக வருவார்கள்.

ஆனால் அவர்களில் யார் பெரியப்பா, யார் சித்தப்பா? இங்கேதான் இங்கிலீஷ்காரர் எழுதிய உதாரணத்தைக் காப்பியடித்தால் மாட்டிக்கொள்வோம். அவர்களுக்கு இருவரும் அங்கிள். நமக்கு மூத்தவர் இளையவர் தெரிந்தாக வேண்டும். பிறந்த தேதியை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்பீர்கள். எண்பது வயதுக்காரர்களிடம் தேதி கேட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் போட்ட தேதி ஒன்று, உண்மையில் பிறந்தது ஒன்று. ஆனால் "நான் மூணாவது பிள்ளை" என்பதை ஒருவரும் தப்பாகச் சொல்ல மாட்டார்கள். அதனால் 'வரிசை' என்று ஒரு எண் வையுங்கள்.

அந்த எண்ணை எந்த டேபிளில் வைப்பது என்பதில் நானே ஒரு முறை தவறினேன். ஆள் பெயருக்குப் பக்கத்தில் வைத்தேன். எங்கள் பக்கம் பிள்ளை கூட்டுவது (தத்து எடுப்பது) சாதாரணம். தம்பிக்கு மூன்று மகன், அண்ணனுக்குப் பிள்ளை இல்லை, மூன்றாவது பிள்ளையை அண்ணன் கூட்டிக்கொண்டார். பெற்ற வீட்டில் அவன் மூன்றாவது, வந்த வீட்டில் முதல் பிள்ளை. பெற்ற அப்பச்சியே அவனுக்குச் சித்தப்பா ஆகிறார். ஒரு ஆளுக்கு இரண்டு வரிசை எண்! அப்போதுதான் புரிந்தது, வரிசை என்பது ஆளின் குணம் இல்லை, உறவின் குணம். அது உறவு வரியில்தான் இருக்க வேண்டும்.

பிள்ளைமுறை
பெற்றோர் | பிள்ளை | வழி | வரிசை
61 | 140 | பிறப்பு | 3
58 | 140 | கூட்டியது | 1

'வழி' இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு இரண்டு அப்பா என்று காட்டும். படைப்புப் பட்டியலுக்கு வந்த வீட்டைப் பாருங்கள். ஆனால் பிறந்த வீட்டு வரியை அழித்துவிடாதீர்கள். நாளைக்கு அவனுக்குப் பெண் பார்க்கும்போது இரண்டு வீடும் பார்த்தாக வேண்டும்.

கடியாபட்டி_முத்து | புதன், மாலை 7.48

ஆச்சி சொன்னதை இரண்டு தடவை படித்தேன். "உறவின் குணம்" என்ற அந்த ஒரு வார்த்தைக்காகவே இந்த இழையை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

திசை பற்றிக் கணக்கப்பிள்ளை கேட்ட கேள்வியோடு இன்னொன்றும் கேட்க வேண்டும்: உறவு தொடருமா? பங்காளிக்குப் பங்காளி எனக்கும் பங்காளிதான். சம்பந்திக்குச் சம்பந்தி எனக்குச் சம்பந்தி ஆவாரா? மாட்டார். தொடராத உறவை ஜோடியாக எழுதலாம். தொடரும் உறவை ஜோடியாக எழுதினால் டேபிள் வெடித்துவிடும். உங்கள் 380 பேரையும் பங்காளி என்று ஜோடி ஜோடியாக எழுதினால், ஒரு ஜோடிக்கு ஒரே வரி என்று வைத்தாலும் 72,010 வரி. நாளைக்கு ஒரு பிள்ளை பிறந்தால் இன்னும் 380 வரி. ஒன்று விட்டுப்போனாலும் அந்த இருவர் மட்டும் பங்காளி இல்லை என்று ஆப் சொல்லும்.

அது ஆளுக்கும் ஆளுக்கும் உள்ள உறவே இல்லை. ஆளுக்கும் வளவுக்கும் உள்ள உறவு. 'வளவு' ஒரு டேபிள், யார் எந்த வளவு என்று ஒரு டேபிள். 380 வரியில் முடிந்தது. ஒரே வளவில் இருப்பவர்கள் பங்காளிகள்.

புள்ளியும் அப்படித்தான். கல்யாணமான தம்பதி சேர்ந்து ஒரு புள்ளி. செலவைப் பிரிப்பது புள்ளிக்குத்தான், ஆளுக்கு இல்லை. அதனால் 'புள்ளி' டேபிள் தனி, யார் எந்தப் புள்ளி என்ற டேபிள் தனி. அதில் 'எப்போதிலிருந்து', 'எதுவரை' என்று இரண்டு தேதி வையுங்கள். மகனுக்குக் கல்யாணமானால் புதுப் புள்ளி. பெண்ணுக்குக் கல்யாணமானால் கணவர் வீட்டுப் புள்ளி. பழைய வரியை முடித்துவைத்துப் புதியது தொடங்க வேண்டும். பழையதை மாற்றி எழுதினால் மூன்று வருஷத்துக்கு முந்தைய செலவுக் கணக்கு இன்றைய நிலவரப்படி திரும்பக் கணக்காகி, சல்லிக்காசு விடாமல் எழுதியவர்கள் எல்லாம் போன் செய்வார்கள்.

நான் ஒருவருக்கு வரன் பார்க்கும் ஆப் எழுதிக் கொடுத்தபோது இதே பாடம் படித்தேன். நகரத்தாருக்கு (நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்கு) குலப் பிரிவுகளான கோயில்கள் ஒன்பது. பொதுவாக ஒரே கோயிலுக்குள் கொள்வினை கொடுப்பினை இல்லை. அதை ஆளுக்கு ஆள் எழுத வேண்டியதில்லை, கோயில் எண்ணை ஒப்பிட்டால் போதும். பிள்ளையார்பட்டியும் இரணியூரும் தனிக் கோயில்கள்தான், ஆனாலும் பங்காளி முறை, அங்கே பெண் எடுப்பதில்லை. அதற்கு மட்டும் கோயிலுக்கும் கோயிலுக்கும் ஒரு ஜோடி டேபிள் போட்டேன், குறிஞ்சி சொன்ன சிறியஎண் முறையில். ஒன்பது கோயிலுக்கு எல்லா ஜோடியும் எழுதினாலும் 36 வரிதான். ஆளுக்கு ஆள் எழுதியிருந்தால் நான் இன்னமும் எழுதிக்கொண்டிருப்பேன்.

பள்ளத்தூரான் | புதன், இரவு 11.20

இவ்வளவு நேரமும் உட்கார்ந்து பிள்ளைமுறை, கல்யாணம், வளவு, புள்ளி, அனுமதி என்று ஐந்து டேபிள் போட்டேன். ஒரு சந்தேகம். குறிஞ்சி அக்கா சொன்ன செக் கன்ஸ்ட்ரெயின்ட் போட்டு, சோதனைக்கு 47–12 என்று எழுதிப் பார்த்தேன். ஏறிவிட்டது! பிழைச் செய்தி எதுவும் வரவில்லை.

குறிஞ்சி | வியாழன், காலை 7.05

உங்கள் ஹோஸ்டிங்கில் மைஎஸ்கியூஎல் எந்த வெர்ஷன்? அநேகமாக 5.7. அதில் செக் எழுதினால் வாங்கிக்கொள்ளும், ஆனால் கண்டுகொள்ளாது. 8.0.16இல் இருந்துதான் உண்மையில் தடுக்கும். மைஎஸ்கியூஎல்லில் இருந்து பிரிந்த மரியாடிபி என்றால் 10.2இல் இருந்தே உண்டு. 5.7க்கு 2023 அக்டோபரோடு ஆதரவும் முடிந்துவிட்டது. முடிந்தால் மாறிவிடுங்கள். முடியாவிட்டால் 'பிஃபோர் இன்சர்ட்' டிரிக்கர் ஒன்றும் 'பிஃபோர் அப்டேட்' டிரிக்கர் ஒன்றும் (வரி ஏறும் முன்னும் மாறும் முன்னும் தானாக ஓடும் நிரல்கள்) எழுதி, தப்பான வரி வந்தால் 'சிக்னல்' போட்டு நிறுத்துங்கள். சோதித்துப் பார்த்தீர்களே, அது நல்ல பழக்கம்.

நெற்குப்பை_ராம் | வியாழன், காலை 8.30

மாறுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆச்சி சொன்ன கொடிவழியில் தலைமுறை தலைமுறையாக மேலே ஏறிப் போக 'வித் ரிகர்சிவ்' வேண்டும். 5.7இல் அது கிடையாது, 8.0இல் உண்டு. பிள்ளைமுறை டேபிளில் ஒருவர் தன் பாட்டனுக்கே பெற்றோர் என்று தப்பாக ஏறினால் செக்கால் கண்டுபிடிக்க முடியாது, அது ஒரு வரியை மட்டும்தான் பார்க்கும். எழுதும் முன் மேலே ஏறிப் போய், பிள்ளை அந்த வழியில் தட்டுப்படுகிறாரா என்று பாருங்கள்.

தேவகோட்டை_ஆச்சி | வியாழன், காலை 10.45

தம்பி, ஐந்து டேபிள் சரி. "யார் யாருக்குச் சொல்ல வேண்டும்" என்பது அதில் எங்கே? அது உறவிலிருந்து தானாக வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். உறவு வேறு, பொறுப்பு வேறு. நாற்பது பேருக்கு உறவாக இருந்தவருக்குத்தானே போன வருஷம் ஒருவரும் சொல்லவில்லை? 'அழைப்பு' என்று தனியே எழுதுங்கள்: சொல்பவர், கேட்பவர், எந்த வருஷம், சொல்லியாயிற்றா. இதற்குத் திசை உண்டு. ஒருவருக்கு இரண்டு பேர் சொன்னாலும் குற்றமில்லை. ஒருவர்கூடச் சொல்லாமல் இருப்பதுதான் குற்றம். உறுப்பினர் டேபிளை எடுத்து, இந்த வருஷம் 'கேட்பவர்' பக்கத்தில் வரியே இல்லாதவர்கள் யார் என்று 'லெஃப்ட் ஜாயின்' போட்டுக் கேளுங்கள். ஜோடி இல்லாத உறுப்பினரையும் அது விடாமல் காட்டும். வருஷ நிபந்தனையை 'ஆன்' (ON) பகுதியிலேயே வையுங்கள். 'வேர்' (WHERE) பகுதியில் வைத்தால் நமக்கு வேண்டிய அந்த வெற்று வரிகளே வடிகட்டிப் போய்விடும்.

பள்ளத்தூரான் | ஞாயிறு, மாலை 5.10

ஹோஸ்டிங் மாற்றியாயிற்று. 47–12 இப்போது ஏறவில்லை. பழைய கமா ஃபீல்டைப் பிரித்து ஏற்றும்போது, ஆளே இல்லாத எண்கள் மொத்தம் 23 கிடந்தன. ஒவ்வொன்றாக அப்பச்சியிடம் கேட்டுச் சரிசெய்தேன். யாருக்கு யார் மூத்தவர், யார் எந்த வீட்டுக்குப் பிள்ளையாகப் போனார் என்று அவர் சொல்லச் சொல்ல நான் ஏற்றினேன். மூன்று ராத்திரி ஆனது.

அழைப்பு டேபிளை நிரப்பியபின் ஆச்சி சொன்ன குவெரியை ஓட்டினேன். ஆறு பெயர் வந்தது. நான்கு பேர் சிங்கப்பூர், ஒருவர் கோயம்புத்தூரில் படிக்கும் பையன், ஒருவர் கானாடுகாத்தானில் தனியாக இருக்கும் ஒரு ஆச்சி. ஆறு பேருக்கும் சொல்பவர் என்ற இடத்தில் அப்பச்சியின் எண்ணைப் போட்டேன். தேவகோட்டைப் பெரியவருக்கு மட்டும் என் எண்ணைப் போட்டிருக்கிறேன். போனில் சொல்லப் போவதில்லை. நாளைக் காலை பஸ்ஸில் நேரில் போகிறேன்.